விண்வெளித் தொலைநோக்கிப் படங்களில் நகரும் சிறுகோள்களைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்த வேலைக்கு மனிதக் கண் போதாதா?

போதும். சொல்லப்போனால், கணினிக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததே மனிதக் கண்கள்தான். அந்தக் கண்களில் என்னுடையதும் ஒரு ஜோடி என்பதால், கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் வானியலாளன் அல்ல. கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன்.

2019 ஜூன் மாத இறுதியில், உலகச் சிறுகோள் தினத்தை ஒட்டி, 'ஹபிள் ஆஸ்டராய்டு ஹன்டர்' என்ற திட்டம், பொதுமக்கள் ஆய்வுகளுக்கு உதவும் ஸூனிவர்ஸ் என்ற இணையதளத்தில் தொடங்கியது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் வானியலாளர்கள் அதை நடத்தினார்கள். பூமியைச் சுற்றிவரும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்துச் சேர்த்துவைத்த பழைய படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிறுகோள் ஓடிய கீற்று தெரிந்தால் அதைக் குறிக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் நாளுக்கு முப்பது நாற்பது படங்கள் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. யாரோ ஓர் ஆய்வாளருக்காக ஹபிள் எங்கோ தொலைவில் உள்ள விண்மீன் திரளைப் படம் எடுத்திருக்கும். எப்போதாவது ஒரு படத்தில் மட்டும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் ஏதோ ஒரு கல், அழைக்காத விருந்தாளியைப் போல அதன் குறுக்கே போயிருக்கும்.

கீற்று நேர்கோடாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, வளைந்திருக்கிறது. சில கீற்றுகள் வில் போல, சில பாம்பு நெளிந்ததைப் போல. கல் நெளிந்து போகவில்லை, நெளிவது ஹபிள். அது சுமார் 95 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. ஒரு படத்துக்காக அரை மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால், அதற்குள் தன் பாதையில் மூன்றில் ஒரு பங்கைக் கடந்து, பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். பஸ்ஸில் போகும்போது சாலையோரப் புளியமரம் பின்னால் ஓடுகிறது, தூரத்து மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது அல்லவா? அதே கதைதான். விண்மீன் திரள் மலை, சிறுகோள் புளியமரம். நம் பஸ் வளைந்து வளைந்து போவதால் மரமும் வளைந்து ஓடுவதாகத் தெரிகிறது.

இந்த வளைவு ஒரே சமயத்தில் பெரிய தலைவலியும் பெரிய வரமும் ஆகும். வரம் ஏனென்றால், கல் அருகில் இருந்தால் வளைவு அதிகம், தொலைவில் இருந்தால் குறைவு. ஹபிள் அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பது துல்லியமாகத் தெரியும். எனவே வளைவை அளந்தால் கல்லின் தூரம் கிடைக்கும். தூரமும் பிரகாசமும் தெரிந்தால் அதன் பருமனைக் கணிக்கலாம். ஒரே படத்தை வைத்து இவ்வளவும்! தலைவலி ஏனென்றால், வானத்தில் வளைந்த கீற்றாகத் தெரிபவை வேறும் உண்டு. பாரமான விண்மீன் திரள் கூட்டம் ஒன்று தனக்குப் பின்னால் உள்ள திரளின் ஒளியை வளைத்து வில்லாக்கிக் காட்டும். இதை ஈர்ப்பு லென்ஸ் என்பார்கள். சிறுகோள் என்று நினைத்து நான் ஆசையோடு குறித்தவற்றில் சில இந்த வில்கள்தான். ஒன்று பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவில், மற்றது நம் சூரியக் குடும்பத்துக்குள். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று.

இவை போதாதென்று காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் துகள்கள், கருவியில் மோதிப் போடும் கிறுக்கல்களும் உண்டு, செயற்கைக்கோள்களும் உண்டு. செயற்கைக்கோளை அடையாளம் காண்பது எளிது: படத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை வெட்டிக்கொண்டு போகும். 2002 முதல் 2021 வரையிலான ஹபிள் படப்பதிவுகளில் 2.7 சதவீதத்தில் அவை குறுக்கிட்டிருப்பதாக இதே குழு 2023இல் கணக்குச் சொன்னது. எரிச்சலான செய்திதான்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். ஏறத்தாழ ஒரு வருடத்தில் 11,000க்கும் அதிகமான தன்னார்வலர்கள் சேர்ந்து 37,000க்கும் அதிகமான படங்களைப் பார்த்தோம். சுமார் ஒரு சதவீதப் படங்களில்தான் கீற்று கிடைத்தது. 'இது கீற்று' என்று நாங்கள் குறித்தவற்றை எடுத்துக் கூகுளின் தானியங்கிக் கற்றல் மென்பொருளுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். பிறகு மொத்தப் படங்களையும் அதைப் பார்க்கச் சொன்னார்கள். நாங்கள் தவறவிட்ட மங்கலான கீற்றுகளை அது பொறுக்கியெடுத்தது. எங்களுக்குப் பளிச்சென்று தெரிந்த சிலவற்றை அது தவறவிட்டது. இரண்டையும் சேர்த்து, நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தது போக நின்றவை 1,701 கீற்றுகள். 2022இல் முடிவை வெளியிட்டார்கள்.

நிபுணர்கள் ஏன் மறுபடி பார்க்க வேண்டும்? தணிக்கைக்காரனாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 10,000 படங்களில் 100இல் மட்டும் சிறுகோள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதைக் காட்டினாலும் 'இல்லை' என்று சொல்லும் ஒரு சோம்பேறி நிரல்கூட 99 சதவீதம் சரியாகச் சொல்லிவிடும். நல்ல நிரல் ஒன்று 100இல் 90ஐப் பிடிக்கிறது. வெறும் படங்களில் இரண்டு சதவீதத்தை மட்டும் தவறாகக் கைகாட்டுகிறது என்போம். வெறும் படங்கள் 9,900. அதில் இரண்டு சதவீதம் 198. ஆக, அது கைகாட்டிய 288இல் 198 பொய். '98 சதவீதத் துல்லியம்' என்று யாராவது மார்தட்டினால், அரிதாக இருப்பது எவ்வளவு அரிது என்று முதலில் கேளுங்கள்.

நானும் சும்மா இருக்காமல் வீட்டுக் கணினியில் உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் நிரலான ஒரு சிறிய நரம்பியல் வலையமைப்பைப் பழக்கிப் பார்த்தேன். ஹபிள் படங்கள் பொதுவில் இலவசமாகவே கிடைக்கின்றன. உண்மையான கீற்றுகள் குறைவாக இருந்ததால் படங்களின் மேல் நானே போலிக் கீற்றுகளை வரைந்து பயிற்சி கொடுத்தேன். போலிகளில் கிட்டத்தட்ட ஒன்றைக்கூட விடவில்லை. உண்மைப் படத்தைக் காட்டினால் திருதிருவென்று விழித்தது. காரணம் புரிய இரண்டு வாரம் ஆயிற்று: நான் வரைந்தவை மிகச் சுத்தமானவை. உண்மையான கீற்று துண்டு துண்டாக இருக்கும். இரண்டு பதிவுகளுக்கு நடுவே இடைவெளி விழும். என் நிரல் சிறுகோளைக் கற்கவில்லை, என் கையெழுத்தைக் கற்றிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் இயந்திரக் கற்றல் தேவை என்றும் எண்ண வேண்டாம். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஒன்று, டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த 10,000க்கும் மேற்பட்ட படங்களிலிருந்து 138 புதிய சிறுகோள்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. மிகச் சிறியவை சுமார் பத்து மீட்டர், ஒரு பஸ் அளவு. அதில் உழைத்தது பழைய யோசனைதான்: கல் இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறது என்று ஊகித்து, படங்களை அதற்கேற்ப நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. ஊகம் சரியென்றால் தனிப்படத்தில் தெரியாத கல் அடுக்கில் ஒளிரும். எத்தனையோ திசைகளையும் வேகங்களையும் முயல வேண்டியிருப்பதால் வலுவான கணினிகள் தேவைப்பட்டன. என்னைக் கேட்டால், இரண்டில் இதுவே அழகு.

மனிதக் கண் தோற்கும் இடம் எண்ணிக்கை. 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கி 1,50,000 சிறுகோள்கள் வரை பார்க்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்து முடிக்க முடியாது.

ஹபிளின் 1,701 கீற்றுகளுக்கே திரும்புகிறேன். அவற்றில் 1,031 அறியப்பட்ட எந்தச் சிறுகோளோடும் பொருந்தவில்லை. சுமார் 400 ஒரு கிலோமீட்டருக்கும் சிறியவை. ஆனால் அரை மணி நேரக் கீற்றைக் கொண்டு சுற்றுப்பாதையை உறுதியாகக் கணக்கிட முடியாது. நான் குறித்து வைத்த ஒரு கீற்றை இன்றும் கணினியில் சேமித்து வைத்திருக்கிறேன், இடமிருந்து வலமாக மேலே வளையும் ஒன்று. அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.