ஆஞ்சியோவுக்கு அப்புறம் கால்ல அடைப்பு: கெண்டைக்காலை ஏன் கிழிச்சாங்க?

கேள்வி: அப்பாவுக்கு வயசு 64, சுகர் இருக்கு. தொடை இடுக்கு வழியா ஆஞ்சியோ பண்ணாங்க, சாயங்காலமே வலது கால் ஜில்லுன்னு ஆகி மரத்துப் போச்சு. ராத்திரியே ஆபரேஷன் பண்ணி ரத்தக்கட்டிய எடுத்துட்டாங்க. ஆனா கெண்டைக்கால ரெண்டு பக்கமும் நீளமா கிழிச்சு தைக்காம விட்டிருக்காங்க டாக்டர், பாக்கவே பயமா இருக்கு. இது தேவைதானா?

பதில்: தேவைதான், பயப்படாதீங்க. பல மணி நேரம் ரத்தம் இல்லாம கிடந்த தசைக்கு திடீர்னு ரத்தம் திரும்ப வந்தா அது வீங்கும், ஆனா கெண்டைக்கால் தசைய சுத்தி விறைப்பா ஒரு உறை இருக்கு, அது விரியாது, அதனால உள்ள அழுத்தம் ஏறி சின்ன ரத்தக்குழாய்லாம் நசுங்கி, அடைப்ப எடுத்தும் பிரயோஜனம் இல்லாம தசையும் நரம்பும் சாக ஆரம்பிச்சிடும். அந்த உறைய திறந்து விடத்தான் கிழிச்சிருக்காங்க. வீக்கம் வடிஞ்சதும் சில நாள்ல தையல் போடுவாங்க, இல்லன்னா தோல் எடுத்து ஒட்டுவாங்க.

அடிபட்ட தசையிலருந்து பொட்டாசியமும் ஒரு புரதமும் ரத்தத்துல கலக்கும், இதயத்தையும் கிட்னியையும் பாதிக்கலாம். யூரின் கருஞ்சிவப்பா, டீ டிகாஷன் மாதிரி போச்சுன்னா நர்ஸ்கிட்ட உடனே சொல்லுங்க.

அடைப்பு ஏன் வருதுன்னா, ஆஞ்சியோவுக்கு ட்யூப் விட்ட இடத்துல ரத்தக்குழாயோட உள்சுவர் உரிஞ்சாலோ, ஏற்கனவே சுருங்கின குழாயா இருந்தாலோ அங்க ரத்தம் உறையும். அரிதுதான், ஆனா தெரிஞ்ச சிக்கல், இது நடந்துச்சுங்கறதாலயே யாரோ தப்பு பண்ணிட்டாங்கன்னு சொல்லிட முடியாது. அத எடுக்க, ரத்தம் மேல உறையாம தடுக்கற ஹெப்பாரின் ஊசி போட்டு, நுனியில பலூன் வச்ச மெல்லிசு ட்யூப ரத்தக்கட்டிய தாண்டி விட்டு, பலூன ஊதி வெளிய இழுப்பாங்க. 1963ல ஃபோகார்ட்டிங்கற சர்ஜன் எழுதின முறை, இன்னிக்கும் அதான் கைகொடுக்குது. கட்டிய கரைக்கற மருந்தும் இருக்கு, ஆனா வேலை செய்ய பல மணி நேரம் ஆகும், இடுக்குல புது ஓட்டை வேற இருக்கு, ரத்தம் கசியும். கால் மரத்துப் போச்சுன்னா அவ்வளவு நேரம் கிடையாது, சுமார் 6 மணி நேரத்துக்குள்ள ரத்தம் திரும்பணும். ராத்திரின்னு பாக்காம ஆபரேஷன் பண்ணது ரொம்ப சரி.

ஆஞ்சியோ முடிஞ்சவங்க கூட இருக்கறவங்க ரெண்டு பாதத்தையும் அடிக்கடி தொட்டு ஒப்பிட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் வெளுத்து ஜில்லுன்னு இருந்தா, விரல அசைக்க முடியலன்னா, உடனே கூப்பிடுங்க. சுகர்ல நரம்பு கெட்டவங்களுக்கு வலி தெரியாமலே போகலாம், வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க. சுடுதண்ணி ஒத்தடம் வேணாம், மரத்த தோல் வெந்துடும். தேய்க்கவும் வேணாம், தலகாணி வச்சு கால தூக்கவும் வேணாம்.

இப்ப அப்பா பாதத்த மேல தூக்க முடியுதான்னு பாருங்க, தொங்குச்சுன்னா பிசியோதெரபி கேளுங்க. அடுத்த தடவ ஆஞ்சியோ வேணும்னா இத சொல்லி, மணிக்கட்டு வழியா பண்ண முடியுமான்னு முன்னாடியே கேட்டுடுங்க.