வாய்க்கால் வேலைக்குப் போகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் மாத்திரை: போடலாமா, எப்படிப் போடுவது?

கேள்வி: டாக்டர், நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். நான் தொழிலுறப்பு (அரசின் ஊரக வேலை உறுதித் திட்டம்) வேலைக்குப் போகிறேன். மழைக்கு முன்னால் வாய்க்கால் தூர்வாருகிற வேலைதான் அதிகம். என் வீட்டுக்காரர் நெல் வயலில் நடவு, களையெடுப்பு என்று சேற்றிலேயே நிற்கிறவர். வீட்டில் இரண்டு மாடு உண்டு. எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல், வராமல் இருக்க என்று ஊர்ச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தந்துவிட்டுப் போனார். நான் ஒரு வாரம் போட்டேன், நெஞ்சு எரிந்தது. அது சூடான மாத்திரை, உடம்பைக் கெடுத்துவிடும், காய்ச்சல் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாமியார். வீட்டுக்காரர் தொடவே மாட்டேன் என்கிறார். ஏழு மாத கர்ப்பிணியான மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அவளுக்கும் கொடுக்கலாமா? காய்ச்சல் வந்தால் அது டெங்குவா, எலிக்காய்ச்சலா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? மாட்டாலும் இது வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அம்மா, நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் அந்த மாத்திரையைப் போட வேண்டியவர்கள்தான். மகளுக்கு மட்டும் அதைக் கொடுக்கவே கூடாது. இந்த இரண்டையும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன். மாமியாரையும் கூட உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

எலி கடித்தால்தான் எலிக்காய்ச்சல் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இது எலியின் சிறுநீரில் வருகிற நோய். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் சிறுநீர் விடும் இடமெல்லாம் கிருமியை விட்டுப் போகும். காய்ந்த தரையில், நல்ல வெயிலில் அது சீக்கிரம் செத்துவிடும். ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் காலில் இருக்கும் சேற்றுப்புண், பித்தவெடிப்பு, அருகம்புல் கீறிய கீறல், மண்வெட்டி பட்ட காயம் எல்லாம் அதற்கு வாசல். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பி வாய்க்காலில் முகம் கழுவுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோடை முழுக்க காய்ந்து கிடந்த வாய்க்காலைத் தூர்வாரும் வேலை ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும். கரையோரப் புதரும் குப்பையும்தான் எலிக்கு வளை. முதல் மழை இறங்கியதும் கரையில் இருந்ததெல்லாம் கழுவி வாய்க்காலுக்குள் வரும், நீங்கள் அந்தத் தண்ணீரில்தான் வெறுங்காலோடு நிற்கிறீர்கள். சேற்றிலும் ஈரத்திலும் நின்று உழைக்கிறவர்களைத்தான் இந்த நோய் உலகம் முழுக்கத் தேடிப் பிடித்திருக்கிறது. இதன் கடுமையான வடிவத்தை 1886-ல் ஜெர்மனியில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர் விவரித்தார். கிருமியை 1915 வாக்கில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் வேலை பார்த்த மருத்துவர்கள். சாக்கடை சுத்தம் செய்பவர்கள், கரும்பு வெட்டுபவர்கள், நெல் வயலில் வேலை செய்பவர்கள் என்று பட்டியல் நீளும். உழைக்கிறவர்களுக்கு வருகிற நோய் என்பதால்தானோ என்னவோ, இதைப் பற்றிப் பேச வேண்டிய அளவுக்கு நாம் பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, மாத்திரைக்கு வருவோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. சேற்று வேலை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே முதல் தடவை போட்டுக்கொண்டால் நல்லது. ஈரத்தில் வேலை இருக்கும் வரை வாராவாரம் ஒரே கிழமையில் போடுங்கள். ஆறு வாரத்துக்கு மேலும் வேலை நீண்டால் நீங்களாக நீட்டிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுத் தொடருங்கள். வேலை இல்லாத மாதத்தில் இது வேண்டாம். ஆன்டிபயாட்டிக்கைத் தேவையில்லாமல் போட்டுக்கொண்டே இருந்தால் நாளைக்கு நிஜமாகத் தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகலாம்.

இது வேலை செய்கிறதா என்ற சந்தேகம் உங்கள் வீட்டுக்காரருக்கு இருந்தால் இதைச் சொல்லுங்கள். பனாமா காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்கப் படைவீரர்கள் சுமார் 940 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 1984-ல் வெளியானது. பாதிப் பேருக்கு இதே மாத்திரை, இதே அளவு, வாரம் ஒரு முறை. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. மருந்து போட்டவர்களில் ஒருவருக்குத்தான் எலிக்காய்ச்சல் வந்தது. போடாதவர்களில் 20 பேருக்கு வந்தது. பிறகு நம் அந்தமானில் நடந்த ஆய்வில் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. கிருமி உடம்புக்குள் போவதை மாத்திரை தடுக்கவில்லை, ஆனால் போன பிறகு அது நோயாக முற்றுவதைக் குறைத்தது. அதனால் நான் சொல்வது இதுதான்: மாத்திரை பெரிய உதவி, முழுப் பாதுகாப்பு இல்லை. மாத்திரை போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம், வந்தால் 'நான்தான் மாத்திரை போட்டேனே' என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

நெஞ்செரிச்சலுக்கு வழி இருக்கிறது. இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கும். நீங்கள் அனேகமாக வெறும் வயிற்றில், இரண்டு வாய் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்திருப்பீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து விழுங்குங்கள். அதன்பின் அரை மணி நேரமாவது படுக்காதீர்கள், நடமாடிக்கொண்டிருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது வசதி. பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து இவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிலருக்கு வெயிலில் தோல் எரிந்து சிவக்கும், அதனால் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் வேண்டும். முன்பு எப்போதாவது இந்த மருந்தால் உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் போடக்கூடாது. மாமியார் பயப்படுகிற மாதிரி வாரம் ஒரு தடவை போடுவதால் உடம்பு கெட்டுப்போகாது. எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போனவர்களோடு ஒப்பிட்டால் இந்த எரிச்சல் ஒன்றுமே இல்லை.

மகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை, வயிற்றில் இருக்கும் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கக்கூடும். பாலூட்டும் தாய்மார்களும் எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளும் டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது. இவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த நோய் வந்தால் கரு கலையும் ஆபத்தும் இருப்பதால், மாட்டுக்கொட்டகையைக் கழுவுவது, சாணி அள்ளுவது, தேங்கிய தண்ணீரில் இறங்குவது எதையும் அவள் செய்ய வேண்டாம். காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி: டெங்குவா, எலிக்காய்ச்சலா? வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. டாக்டராலேயே முதல் நாள் பார்த்ததும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மழைக்காலத்தில் வரும், இரண்டிலும் தலைவலி, உடம்புவலி, கடும் காய்ச்சல், இரண்டிலும் ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும். எலிக்காய்ச்சல் என்று சந்தேகப்பட வைக்கிற அடையாளங்கள் சில உண்டு. கெண்டைக்காலையும் தொடையையும் அமுக்கினால் உயிர் போகிற வலி. பீளை கட்டாமல் கண் மட்டும் செக்கச் சிவந்து போவது. கூடவே நடுக்கம், இடுப்புவலி, வாந்தி. ஆனால் இவை எல்லாம் எல்லாருக்கும் வராது.

அதனால் அடையாளத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் ஒரே காரியம் செய்யுங்கள். காய்ச்சல் தொடங்கிய அன்றோ மறுநாளோ ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் கேட்கிறாரோ இல்லையோ, 'நான் வாய்க்கால் வேலை செய்தேன், காலில் புண் இருந்தது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கிருமி நுழைந்து நோய் தெரிய இரண்டு நாளிலிருந்து ஒரு மாதம் வரை ஆகலாம், பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள். ஆகவே கடந்த ஒரு மாதத்தில் சேற்றில் இறங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியம்தான் டாக்டரின் யோசனையைச் சரியான பக்கம் திருப்பும். ஏனென்றால் எலிக்காய்ச்சலுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை முதல் ஐந்தாறு நாளில் பலருக்கு நெகட்டிவாகத்தான் வரும், உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகக் காலம் பிடிக்கும். டாக்டர்கள் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவது அதனால்தான். மருந்து சாதாரண, விலை குறைந்த ஆன்டிபயாட்டிக்தான். ஆனால் முதல் சில நாளுக்குள் தொடங்க வேண்டும்.

உங்கள் பகுதிக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் இருப்பதாலும், பஸ் வசதியாலும், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கோ வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கோ வைத்தியத்துக்குப் போகிறவர்கள் நிறைய. எங்கே போனாலும் நல்லதுதான். ஆனால் உங்கள் ஊர் ஆஷா பணியாளருக்குத் தெரிந்திருக்கிற உங்கள் வேலை விவரம் அங்கே யாருக்கும் தெரியாது. மாத்திரை அட்டையையும் முதலில் பார்த்த இடத்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தெந்தத் தேதியில் மாத்திரை போட்டீர்கள் என்று அட்டையின் பின்னால் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. டெங்கு பரிசோதனை நெகட்டிவ் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாமல், 'அப்படியென்றால் எலிக்காய்ச்சலாக இருக்குமா' என்று கேளுங்கள்.

செய்யக்கூடாதவை மூன்று. மெடிக்கலில் சொல்லி வலி ஊசியோ வலி மாத்திரையோ வாங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை ஏற்கெனவே தவிக்கிற சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. அடுத்தது, காய்ச்சல் நாலாம் நாள் ஐந்தாம் நாள் விட்டது என்று வேலைக்குக் கிளம்புவது. எலிக்காய்ச்சல் ஒரு தடவை விட்டு, ஒன்றிரண்டு நாளில் திரும்பி வரும், சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கட்டத்தில்தான். மூன்றாவது எனக்கு மிகவும் கவலை தருவது. கண் மஞ்சளானதும் மஞ்சள்காமாலை என்று முடிவு செய்து, கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பத்தியம் இருந்து ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள். சாதாரண வைரஸ் காமாலையில் கண் மஞ்சளாகும் சமயத்தில் காய்ச்சல் பெரும்பாலும் தணிந்திருக்கும். காய்ச்சலும் கால்வலியும் இருக்கும்போதே கண் மஞ்சளானால் எலிக்காய்ச்சல் முற்றிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, இருமினால் ரத்தம் வருவது, பேச்சு தடுமாறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பக்கத்துக் கிளினிக் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. சந்தேகம் கேட்க மட்டும் என்றால் கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104. காய்ச்சல் உள்ள நாளில் கள்ளும் வேண்டாம், சாராயமும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பதால் சொல்கிறேன்.

வேலையிடத்தில் ரப்பர் பூட்ஸும் கையுறையும் கேட்டு வாங்குங்கள், தூர்வாரும் வேலைக்கு அது உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு. நடவு வயலில் பூட்ஸ் சேற்றில் புதைந்துகொள்ளும், நடக்க முடியாது என்பது தெரியும். அங்கே புண்ணைத் தண்ணீர் புகாத பிளாஸ்திரி போட்டு மூடிக்கொண்டு இறங்குவதும், ஏறியவுடன் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கை கால் கழுவுவதும்தான் வழி. ஆழமான புண் இருந்தால் ஆறும் வரை அந்த வேலை வேண்டாம், கூலி போகிறது என்றாலும். கொண்டுபோன சோற்றை மூடி வைத்து, கை கழுவிய பிறகே திறக்க வேண்டும்.

மாட்டைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. மாடு, எருமை, ஆடு, பன்றி, நாய் எல்லாமே இந்தக் கிருமியைச் சிறுநீரில் விடக்கூடியவை. கொட்டகையில் கோமியம் தேங்காமல் வடிகால் வெட்டி, தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கழுவுங்கள். கழுவும்போது செருப்பு இல்லாமல் நிற்காதீர்கள். தவிட்டையும் புண்ணாக்கையும் மூடியுள்ள டிரம்மில் வையுங்கள், மூட்டையாக மூலையில் சாய்த்து வைத்தால் எலிக்கு அழைப்பு விடுத்த மாதிரி. வைக்கோல் போர் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம். செத்த எலியை வெறுங்கையால் எடுக்காமல் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து ஆழமாகப் புதையுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள், வெள்ளம் புகுந்த கிணறு என்றால் சுகாதாரப் பணியாளரைக் கூப்பிட்டுக் குளோரின் போட்ட பிறகே புழங்குங்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவது மிக மிக அபூர்வம், ஆகவே நோயாளியின் தட்டு டம்ளரைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. மாடு திடீரென்று சினை கலைந்தாலோ, மடி வீங்காமலே பாலில் சிவப்புக் கலந்து வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் எலிக்காய்ச்சல் கிருமியாக இருக்குமா என்று கேளுங்கள். அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள், கலைந்த கருவைக் கையுறை இல்லாமல் யாரும் தொடாதீர்கள், மகளை அந்தக் கொட்டகைப் பக்கமே விடாதீர்கள்.