கட்டையை வெட்டினால் ராணுவ ரைஃபிள் வேட்டைத் துப்பாக்கி ஆகிவிடுமா?

கேள்வி: கூடலூர் பக்கம் எங்களுக்குச் சிறு தோட்டம் இருக்கிறது. நாடு திரும்பிய ஒரு துரையிடமிருந்து 1950-களில் தாத்தா ஒரு போல்ட் ரைஃபிள் (போல்ட் என்ற அடைப்பைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) வாங்கினார். முன்கட்டையை (குழலைத் தாங்கும் மரப்பகுதியை) வெட்டிச் சிறிதாக்கிய பழைய பட்டாளத் துப்பாக்கி என்பார்கள். அவருக்குப் பின் அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்தது. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது, துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. ட்ரிகர் மிகவும் கடினம். அதைச் சரிசெய்து, துருவைத் தேய்த்து, ஸ்கோப் பொருத்தி, காட்டுப்பன்றிக்கு எதிராக வைத்துக்கொள்ளலாமா? லைசென்ஸில் குழல் அளவு .315 (அங்குலம்) என்று இருக்கிறது. பார்த்த ஒருவர் இது .303 என்கிறார். குடகு நண்பர்கள் லைசென்ஸே இல்லாமல் வைத்திருக்கிறார்களே?

பதில்: ட்ரிகரையும் ஸ்கோப்பையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இன்றைய நிலையில் அந்தத் துப்பாக்கி உங்கள் பீரோவில் இருப்பதே பிரச்சினை. லைசென்ஸ் அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது, வீட்டுக்குக் கொடுக்கப்பட்டதல்ல. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், ஆயுதச் சட்டம் 1959-இன் 25(1பி) பிரிவின்படி 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்தால் அது வெறும் இரும்புக் குழாய்தானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பாகங்களும் சட்டத்தில் ஆயுதமே.

இதற்கு வழி 21-ஆம் பிரிவில் இருக்கிறது. வைத்திருக்கும் உரிமை போன ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். எட்டு மாதத் தாமதத்தை இனி நீட்டாதீர்கள். நீங்களே பையில் போட்டு எடுத்துப் போகவும் வேண்டாம். முதலில் நிலைய அதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அவர் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். பீரோவில் மிச்சமிருக்கும் தோட்டாக்களும் எண்ணிக்கையோடு ரசீதில் ஏற வேண்டும். ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. உங்களுக்கு லைசென்ஸ் கிடைத்தால் திரும்பப் பெறலாம், கிடைக்காவிட்டால் தகுதியுள்ளவருக்கு விற்கலாம். இரண்டையும் விதிகள் குறித்த காலக்கெடுவுக்குள் செய்ய வேண்டும், அதனால் ரசீதில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது .315-ஆ .303-ஆ என்ற கேள்வி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பட்டாளத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளை அரசு கவனமாக இருந்தது. அதனால் பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் பட்டாளத்தின் .303 ரைஃபிளான லீ என்ஃபீல்டின் அதே அமைப்பில், பட்டாளம் பயன்படுத்தாத .315 அளவில் இந்தியாவுக்கென்று வேட்டை ரைஃபிள் செய்தது. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையும் அதே வழியில்தான் .315 செய்கிறது. ஆகவே உங்களுடையது பிறப்பிலேயே .315 ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் குழலின் பின்பகுதியில் .303 என்றும் அதன் அருகே 2.222 (தோட்டா உறையின் நீளம், அங்குலத்தில்) என்றும் முத்திரை இருந்தால் கதை வேறு, அது பட்டாள .303. தோட்டா போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். ஒப்படைக்கும்போது முத்திரையைப் படித்து, ரசீதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

.303 போல்ட் ரைஃபிள் ஆயுத விதிகள் 2016-இன் முதல் வகையில் வருகிறது, துப்பாக்கிக்காரர்கள் 'பி.பி.' (prohibited bore, தடைசெய்யப்பட்ட குழல் அளவு) என்பது இதைத்தான். முன்கட்டையை வெட்டியதோ, பட்டாள சைட்டை எடுத்ததோ இதை மாற்றாது. சட்டம் பார்ப்பது குழலின் அளவை, கட்டையின் அழகை அல்ல. அப்படியானால் கலெக்டரால் லைசென்ஸ் தர முடியாது, கோப்பு மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் போக வேண்டும். லைசென்ஸில் ஒன்று, குழலில் ஒன்று என்றால் அதை மறைக்காமல் நீங்களே கடிதத்தில் குறிப்பிட்டு, நிபுணரைக் கொண்டு பரிசோதிக்கக் கேளுங்கள். அப்பாவின் பழைய புதுப்பிப்புப் பதிவுகள் எல்லாவற்றின் நகலும் அந்தக் கடிதத்தோடு போகட்டும்.

'குழலை மாற்றி .315 ஆக்கிவிடலாம், யாருக்குத் தெரியும்' என்று ஒரு பட்டறைக்காரர் சொல்லக்கூடும். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவதும், குழலைக் குட்டையாக்குவதும் 6-ஆம் பிரிவின்படி தனி உரிமம் இல்லாமல் கூடாது. மீறினால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. விளையாட்டல்ல.

.315 என்று உறுதியானால், விதி 25-இன்படி வாரிசாக மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, அம்மாவும் உடன்பிறந்தவர்களும் தரும் ஆட்சேபணையின்மை எல்லாம் வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே வேறு துப்பாக்கி இருந்தால் கணக்குப் பாருங்கள். பரம்பரையாக வந்ததையும் சேர்த்து இரண்டுதான்.

கூடலூர் என்பதால் இன்னொன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புது ஆயுத உரிமம் கிடையாது. முதுமலை உங்களுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் வரப்போவது புது உரிமமே. மனுவிலேயே தூரத்தைச் சொல்லிவிட்டால் கோப்பு திரும்பி வந்து மாதக்கணக்கில் நிற்பது குறையும். லைசென்ஸ் வந்த பிறகும் பன்றியைச் சுட அனுமதி வந்ததாக ஆகாது. அதற்கு 11-ஆம் பிரிவின் கீழ் வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். காரணத்தில் 'வேட்டை' என்று எழுதினால் கேட்டதையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

குடகு நண்பர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே குடகு இனத்தாருக்கும் ஜம்மா (குடகின் பழைய பரம்பரை நில உரிமை) நிலக்காரர்களுக்கும் மத்திய அரசு தந்த விலக்கு அது. நீலகிரியில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

இப்போது நீங்கள் கேட்ட வேலைகள். உரிமம் கைக்கு வந்தபின் எண்ணெய் போட்டுத் துடைப்பது, குழல் சுத்தம் செய்வது உங்கள் வேலை. ட்ரிகரைத் தளர்த்துவது, ஸ்கோப்புக்குத் துளை போட்டு மரை வெட்டுவது, கட்டையைக் குழலுக்குப் பொருத்துவது எல்லாம் பழுதுபார்க்கும் உரிமம் உள்ள கடையில்தான்; ரசீதில் துப்பாக்கி எண்ணும் செய்த வேலையும் இருக்கட்டும். துரு தேய்க்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாலிஷ் சக்கரத்தில் எண் மங்கிவிட்டால், 8-ஆம் பிரிவு நீங்களே அழித்ததாக ஊகிக்கும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. லீ என்ஃபீல்டில் எண் குழலிலும், ரிசீவரிலும் (போல்ட் ஓடும் உடற்பகுதி), போல்ட் கைப்பிடியிலும் இருக்கும். வேலைக்குக் கொடுக்கும் முன் மூன்றையும் தெளிவாகப் படமெடுங்கள். போல்ட்டில் எண் வேறாக இருந்தால் சுடும் முன் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) சரிபார்க்காமல் விடாதீர்கள்.