போர்ட் வெல்ட் ரயிலைப் போட்டது யார்?

ஐயா,
பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பேராக் மாநிலத்துக் கோலா செபெத்தாங் (பழைய பெயர் போர்ட் வெல்ட்) போயிருந்தோம். அங்கிருந்த பழைய போர்ட் வெல்ட் ஸ்டேஷனில் இன்று மிஞ்சியிருப்பது பெயர்ப்பலகையும் டிக்கெட் கவுண்டரும்தான். வெள்ளைக்காரன் எவ்வளவு அருமையாகக் கட்டிக்கொடுத்தான், நமக்குக் காப்பாற்றத் தெரியவில்லை. ரயில் எப்போது நின்றது? திரும்ப விடச் சொல்லி மனு கொடுக்கலாமா?
வாசகி, ஆயர் ஈத்தாம்

அன்புள்ள அம்மா,

பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனீர்களே, மனம் நிறைந்துவிட்டது. மனுவை எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ரயில் நின்ற கதை இன்னொரு நாளைக்கு.

ஆனால் 'வெள்ளைக்காரன் கட்டிக்கொடுத்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. யாருக்குக் கட்டிக்கொடுத்தான்? லாரூட் வட்டாரத்து வெள்ளீயத்தைத் தைப்பிங்கிலிருந்து கடலுக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றப் போட்ட பாதை அது. நீளம் சுமார் 13 கிலோமீட்டர். 1885 ஜூன் 1இல் திறந்தார்கள். மலாயாவின் முதல் ரயில் அதுதான். சதுப்பில் இறங்கி வேலை செய்தது இலங்கையிலிருந்து கூட்டிவந்த பயனியர் படை என்ற தொழிலாளர் படை. அப்போதைய பிரிட்டிஷ் கவர்னர் வெல்ட் மண் சுமக்கவில்லை. ஆனால் துறைமுகத்துக்கு அவர் பெயர். பினாங்கில் நீங்கள் ஃபெர்ரி ஏறப் போகிற கடற்கரைத் தெருவும் அவர் பெயரில்தான் வெல்ட் கீ. மண் சுமந்தவன் பெயரை எந்தத் தெருவில் தேடுவது? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாமே 'வெள்ளைக்காரன் கட்டினான்' என்று சொல்லிக்கொடுத்தால், அந்த மனிதர்களை இரண்டாம் முறை புதைக்கிறோம் அம்மா. இனி அப்படி எழுதாதீர்கள்.

என் தாத்தா பிறை ஊர்ப் பக்கம் கம்பிச் சடக்கில், அதாவது ரயில் பாதையில், வேலை செய்தவர். விடியும் முன்பே சுத்தியலோடு கிளம்பிவிடுவார். தளர்ந்த ஆணிகளை அடித்து இறுக்கிக்கொண்டே நடப்பார். சிலிப்பர் கட்டை சுமந்து சுமந்து வலது தோளில் பாதிக் கொட்டாங்கச்சி அளவுக்குத் தோல் காய்த்துப் போயிருந்தது. சின்ன வயதில் அதை விரலால் அழுத்திப் பார்ப்பேன். "வலிக்குதா தாத்தா?" என்றால், "அது எனக்கு இல்லடா, கட்டைக்குப் போட்ட மெத்தை" என்பார். ஸ்டேஷன் மாஸ்டர்களாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் தொப்பியும் கோட்டுமாக எடுத்த படங்கள் பல வீடுகளில் இன்னும் தொங்குகின்றன. அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதுதான். லைனில் நின்ற என் தாத்தாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. நான் தேடாத பெட்டி இல்லை.

நீங்கள் பார்த்த அந்தப் பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கிறது, கவனித்தீர்களா? ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்), சீனம், தமிழ் என்று நான்கு எழுத்து. அந்த ஸ்டேஷனில் தமிழ் படிக்கிறவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அடுத்த முறை பிள்ளைகளை அதன் முன் நிறுத்தி, தமிழை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். போகிற தேதியை முன்கூட்டியே எழுதுங்கள். பட்டர்வொர்த் ஃபெர்ரித் துறையில் நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.