புது பெயிண்ட் அடித்த பழைய அலுமினியப் படகு: கடல் வாத்து வேட்டைக்கு வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், போர்ட்லாந்து பக்கம் இருக்கிறேன். குளிர்காலத்தில் நண்பர்களின் படகில் கடல் வாத்து வேட்டைக்குப் போவேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கிறேன். 16 அடி அலுமினியப் படகு, ரிவிட் அடித்தது, 25 குதிரைத்திறன் எஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்த்து ஒரு தரகர் மலிவாகத் தருகிறார். உள்ளே புதுத் தரை, வெளியே புது பெயிண்ட். "நாளைக்கே கடலில் இறக்கலாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். படகு பழசு என்பதற்காகச் சொல்லவில்லை. முப்பது வயதான அலுமினியப் படகும் நன்றாக ஓடும். புதுத் தரையும் புது பெயிண்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பழைய படகில் பார்க்க வேண்டியதெல்லாம் அந்த இரண்டுக்கும் அடியில்தான் இருக்கிறது. அவற்றை மூடிவிட்டுத்தான் விற்க வந்திருக்கிறார்.

நீங்கள் போகப்போவது ஏரிக்கு அல்ல. ஈடர் என்னும் கடல் வாத்துகள் சிப்பி தின்ன வருவது, போர்ட்லாந்தை ஒட்டிய காஸ்கோ விரிகுடாவின் வெளித்தீவுகளை ஒட்டிய பாறைத் திட்டுகளுக்கு. அலை உடைகிற இடம் அது. நடுக்குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் வசம் இருக்காது. சுமார் 10 நிமிடத்தில் கைவிரல்கள் வேலை செய்யாது. 1 மணி நேரத்துக்குள் நினைவு தப்பலாம். மிதவைச் சட்டையை இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள், உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். படகு ஒழுகுகிறதா என்பதை இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

முதலில் அடிப்பாகத்தின் வடிவம். "டக் போட்" என்று விற்கப்படுவதில் பாதி தட்டையான அடிப்பாகம் கொண்ட ஜான் போட்டுகள். சதுப்பு நிலத்துக்கும் ஆற்றுக்கும் அவை சரி, கடலுக்கு வேண்டவே வேண்டாம். முன்பக்கம் ஆழமான 'வி' வடிவமும், உயர்ந்த பக்கச்சுவரும் இருக்க வேண்டும். எஞ்சின் மாட்டும் பின்சுவரை டிரான்சம் என்பார்கள். அதன் உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். 15 அங்குலம் என்றால் பின்னாலிருந்து வரும் ஒரு நல்ல அலை நேரே உள்ளே இறங்கிவிடும். 20 அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அதே டிரான்சத்தில்தான் பெரிய ஏமாற்றும் நடக்கிறது. இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளைவுட் பலகை இருக்கும். போல்ட் ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் போய்ப் போய் அந்தப் பலகை உளுத்துவிடும். வெளித்தகடு மட்டும் பளபளவென்று நிற்கும். எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். டிரான்சம் உங்கள் கையோடு சேர்ந்து அசைந்தால் உள்ளே பலகை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் கைப்பிடியால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று பேசும், உளுத்தது மொத்தென்று கேட்கும். பலகை மாற்றுவது செய்யக்கூடிய வேலைதான், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

அடுத்து, தரைக்கு அடியில். வேட்டைப் படகுக்கென்றே ஒரு நோய் உண்டு. சுட்டபின் விழும் தோட்டாக் கூட்டின் அடியில் பித்தளை மூடி இருக்கும். அது பலகை இடுக்கில் உருண்டு அடித்தளத்தில் போய்க் கிடக்கும். பித்தளையும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். ஒரே ஒரு கூடு, ஒரு செம்பு நாணயம் போதும், அது கிடந்த இடத்தில் தகடு குழி விழுந்து ஊசி ஓட்டை ஆகிவிடும். அந்த இடத்தைச் சுற்றி சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு ஒரு கூர் ஊசியால் அழுத்திப் பாருங்கள். ஊசி இறங்கினால் அந்தத் தகடு முடிந்தது.

இதைத்தான் புதுத் தரை மறைக்கிறது. அந்தத் தரையே இன்னொரு நோயாகவும் இருக்கலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும், உளுக்காமல் இருக்க ரசாயனம் ஏற்றிய, பச்சை பாய்ந்த பலகையைப் போட்டிருப்பார்கள். அந்த ரசாயனத்தில் இருப்பது செம்பு. ஈரம் பட்டால் தகட்டை அது தொடும் நீளம் முழுக்க அரிக்கும். அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயிண்ட் என்று செம்பு கலந்ததை அடிப்பவர்களும் உண்டு. அலுமினியத்துக்கு அதைவிடக் கெடுதல் யாரும் செய்ய முடியாது. ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தரைக்குக் கீழே மிதப்புக்காக வைக்கும் நுரை தண்ணீரைக் குடித்திருந்தால், படகைத் தண்ணீர்ச் சுமையோடுதான் வாங்குகிறீர்கள். லாரி எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் சொல்லும் எடையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ரிவிட்டுக்கு ஒரே சோதனை போதும். டிரெய்லரில் வைத்தபடியே, தோட்டக் குழாயால் உள்ளே சில அங்குலம் தண்ணீர் விட்டு, கீழே படுத்துப் பாருங்கள். ஒழுகும் ரிவிட்டில் முத்து முத்தாகத் துளி நிற்கும். அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் மாற்றிவிடலாம். ஒரே வரிசையில் பத்து ஒழுகினால் தகடே தளர்ந்துவிட்டது.

பெயிண்ட் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நல்ல படகையும் தள்ளிவிடுவீர்கள். வேட்டைப் படகுக்கு மங்கிய பச்சை, பழுப்பு பெயிண்ட் இயல்பு. வாத்தின் கண்ணில் படாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே அடித்துத் தருகிறார்கள், வேட்டைக்காரரும் சீசனுக்குச் சீசன் தொட்டு அடிப்பார். அது குற்றமல்ல. வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், தொழிற்சாலைப் பெயிண்ட் ரிவிட் தலை விளிம்பில் சீராக நிற்கும். பழகிய வேட்டைக்காரரின் பெயிண்ட் பக்கச்சுவரில் தேய்ந்து, பழைய அடுக்கு எட்டிப் பார்க்கும். விற்பதற்காக அடித்த பெயிண்ட் கயிறு கட்டும் கொக்கி, நட்டுத் தலை, ரப்பர் பட்டை எல்லாவற்றின் மேலும் தெறித்திருக்கும். முக்கியமாக, அடிப்பாகத்திலும் டிரான்சத்தின் உள்மூலையிலும்தான் தடிமனாக இருக்கும். வாத்து பார்ப்பது பக்கச்சுவரை. அடிப்பாகத்துக்கு மறைப்புப் பெயிண்ட் எதற்கு என்று தரகரைக் கேளுங்கள்.

அந்தப் பெயிண்ட் இரண்டு இடங்களை மூடியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். டிரான்சத்தின் வெளிப்பக்கம், வலது மேல் மூலையில் 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம் இருக்க வேண்டும். 1972 நவம்பருக்குப் பிறகு செய்த படகுகளுக்கு அது கட்டாயம். அடுத்தது, 20 அடிக்குக் குறைந்த இத்தகைய படகுகளில் உள்ளே பொருத்தியிருக்கும் சுமைத்தகடு. எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் என்பதை அதுதான் சொல்லும். மூன்று ஆள், ஒரு நாய், வாத்துகளை ஈர்க்க நீளக் கயிற்றில் கோத்து மிதக்கவிடும் போலி வாத்துகள், அவற்றுக்கான நங்கூரங்கள் என்று கூட்டிப் பாருங்கள், கணக்கு எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று தெரியும்.

காகிதம் பற்றிச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. காருக்கு உரிமைச் சான்று இருக்கிறது, மோதி நொறுங்கியதென்றால் அதிலேயே பதிகிறார்கள். மெயின் மாநிலம் படகுக்கு உரிமைச் சான்று தருவதே இல்லை, பதிவு மட்டும்தான். அருகிலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 14 அடியும் அதற்கு மேலும் உள்ள மோட்டார் படகுக்கு உரிமைச் சான்று கட்டாயம். புயலில் மூழ்கிய படகையும், கடன் பாக்கி உள்ள படகையும் எங்கே கொண்டுபோய் விற்பார்கள் என்று தரகர்களுக்கு நன்றாகவே தெரியும். இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே பதிவில் யார் பெயரோ, அவரே கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு வேண்டும். படகு எண், எஞ்சின் எண், டிரெய்லர் எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். "உரிமையாளர் ஊரில் இல்லை, நானே கையெழுத்துப் போடுகிறேன்" என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

தரகர் பலகையைக் கழற்றவும், தண்ணீர் விட்டுப் பார்க்கவும் சம்மதித்தால் ஒரு நாள் ஒதுக்கிப் பாருங்கள். மறுத்தால் இந்தப் படகை விட்டுவிட்டு, செபேகோ மாதிரி உள்நாட்டு ஏரிகளில் மட்டும் ஓடிய, தரையே போடாத 'வி' வடிவப் படகை உரிமையாளரிடமே நேராகத் தேடுங்கள். உப்பே படாத தகடு கிடைக்கும். ஆனால் ஏரிப் படகுகளில் 15 அங்குல டிரான்சம் அதிகம், டேப்பை மறக்காமல் எடுத்துப் போங்கள்.