சீனியரிடம் என்ன கேட்பது?

கேள்வி: திருச்சியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி சீனியர்கள் முப்பது பேருக்கு லிங்க்ட்இன்னில் வேலை கேட்டு எழுதினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. ஏன்?

பதில்: வேலை கேட்டதால்தான். முகம் தெரியாத ஒருவரைப் பரிந்துரைத்து, அது சரிவராவிட்டால் சீனியரின் பெயரும் சேர்ந்து கெடும். அதனால் பேசாமல் நகர்ந்துவிடுவார். தகவல் கேளுங்கள், சொல்வார்கள்.

லிங்க்ட்இன்னில் கல்லூரியின் பக்கத்துக்குப் போய் 'அலும்னி' (முன்னாள் மாணவர்கள்) பகுதியைத் திறங்கள். ஊர், நிறுவனம், படித்த துறை, பார்க்கும் வேலை என்று சலித்தெடுக்கலாம். எடுத்த எடுப்பில் இயக்குநர்களுக்கு எழுத வேண்டாம். படிப்பு முடித்து இரண்டு முதல் ஐந்து ஆண்டு ஆனவர்களே தோது. இன்டர்வியூவில் பட்ட பாடு அவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

இணைப்புக் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்பை 200 எழுத்துக்குள் அடக்குங்கள்: கல்லூரி, துறை, ஆண்டு, பிறகு ஒரே ஒரு கேள்வி. "கைட் பண்ணுங்க சார்" என்றால் அவர் எதைத்தான் எழுதுவார்? "டிசைன் வேலைக்கு சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் போதுமா, அன்சிஸ் மென்பொருளும் கேட்பார்களா?" என்று கேட்டால் பஸ்ஸில் போகும்போதே இரண்டு வரி தட்டிவிடுவார். ஒரே வாசகத்தை எல்லாருக்கும் ஒட்டாதீர்கள். ஒரே அலுவலகத்தில் இருவர் இருந்தால் குட்டு உடைந்துவிடும்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு சரி. பேச ஒப்புக்கொண்டால் 15 நிமிடம் போதும் என்று சொல்லி, அவருடைய ஊர் நேரத்தைப் பார்த்துக் கேளுங்கள். நம் காலை ஒன்பது மணி ஜெர்மனியில் கோழி கூவும் நேரம். ரெஸ்யூமேயை அவராகக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.