புகைப்போக்கிக்குள் குண்டு விழுந்ததா?

கேள்வி: என் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் வேலை செய்தவர். ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ போர்க்கப்பலின் புகைப்போக்கிக்குள் ஜப்பானிய விமானி ஒருவர் குண்டோடு குதித்ததால்தான் அது மூழ்கியது என்பார். அது உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஜப்பான்காரன் காலத்தைக் கண்ட பெரியவர்கள் சொல்ல, இதே கதையை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் எந்த விமானியும் புகைப்போக்கிக்குள் குதிக்கவில்லை. அந்தப் பிரிட்டிஷ் கப்பலைக் கவிழ்த்தவை விமானங்கள் தாழப் பறந்து கடலில் இறக்கிய டார்பிடோக்களே, அதாவது நீருக்கடியில் பாய்ந்து சென்று வெடிக்கும் குண்டுகளே.

மலாயாவின் கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் இறங்கிய ஜப்பானியப் படையைத் தடுப்பதற்காக, 1941 டிசம்பர் 8 மாலை ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ ஆகிய இரு பெருங்கப்பல்களும் நான்கு நாசகாரிக் கப்பல்களும் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. காவலுக்கு ஒரு போர் விமானம்கூட உடன் செல்லவில்லை. டிசம்பர் 10 முற்பகலில், மலாயாவின் கிழக்குக் கரையில் உள்ள குவாந்தானுக்கு அப்பால், கடலில், சைகோன் பகுதியிலிருந்து வந்த 80க்கும் மேற்பட்ட விமானங்கள் அலை அலையாகத் தாக்கின.

டார்பிடோ ஒன்று ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலை உந்தும் விசிறிகளுள் இடப்புற வெளி விசிறியைச் சுழற்றும் தண்டின் அருகே வெடித்தது. தண்டு வளைந்த பின்னும் இயந்திரம் அதை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருந்ததால், நீர் புகாதபடி தண்டைச் சுற்றி அமைத்திருந்த அடைப்புகளை அதுவே பிய்த்தெறிந்தது. கடல் அவ்வழியே உள்ளே பாய்ந்தது. கப்பல் 11 பாகைக்கு மேல் சாய்ந்தது. மின்சாரம் அற்றுப்போய், விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பலவும் செயலிழந்தன. அதன் பிறகு மேலும் டார்பிடோக்கள் தாக்கின.

குண்டே விழவில்லை என்பதற்கில்லை. இறுதிக் கட்டத்தில் ஒரு குண்டு மேல்தளத்தைத் துளைத்து, காயம்பட்டோரைக் கிடத்தியிருந்த கூடத்தில் வெடித்தது. அங்கே படுத்திருந்தவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. தங்கள் தாத்தா கேள்விப்பட்ட கதைக்கு ஒருவேளை இதுவே வித்தாக இருந்திருக்கலாம்.

கேப்டன் டெனன்ட் பல டார்பிடோக்களிலிருந்து விலக்கிச் செலுத்திய ‘ரிப்பல்ஸ்’ பிற்பகல் 12.33க்கும், ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ ஏறத்தாழ 1.20க்கும் மூழ்கின. இரண்டிலும் சேர்த்து 840 பேர் மாண்டனர். இக்கப்பல் அணியின் தலைவர் அட்மிரல் டாம் பிலிப்ஸும் அவர்களுள் ஒருவர்.

தங்கள் குடும்பத்திற்கு நெருக்கமான செய்தியும் ஒன்று உண்டு. டிசம்பர் 11 அன்று பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபின், ஃபெரித் தொழிலாளர்கள் உயிருக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போனார்கள். அப்போது தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஃபெரியை ஓட்ட அனுப்பப்பட்டவர்கள், மூழ்கிய அவ்விரு கப்பல்களிலிருந்து உயிர் தப்பிய மாலுமிகளே. துறைமுகத்தில் இருந்த தங்கள் தாத்தா அவர்களை நேரிலேயே பார்த்திருக்கக்கூடும். அதைப் பற்றி ஏதேனும் சொன்னாரா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.